கஞ்சி குடிக்கவே கம்பஸுக்கு அனுப்பினது?

எங்கட அறையில் நாலு பேர். திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பின்பக்கம், ஒரு வீட்டின் அனெக்ஸ். ஒருத்தி முல்லைத்தீவு, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மன்னார், ஒருத்தி ஹட்டன். நாலு பேரும் கலைப்பீடம். முதல் வருசத்திலிருந்து எங்கட காலைச் சாப்பாடு ஒரு கோப்பை பால்தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும்தான். எட்டு மணி லெக்சருக்கு ஏழரைக்கு எழும்புகிற ஆக்களுக்கு அதுவே பெரிய காரியம்.

மாதம் தொடங்க எல்லாரும் காசு போட்டு 400 கிராம் பால்மா இரண்டு பக்கற் வாங்குவோம். பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகு கரண்டி தானாகவே சின்னனாகிவிடும். யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. பால்மா விசயத்தில் எங்கட தலைமுறைக்கு ஒரு பயம் இருக்கிறது. 2021 ஒக்டோபரில் 400 கிராம் பக்கற் 480 ரூபாய். 2022 மார்ச்சில் அது 790. தேத்தண்ணிக் கடையில் ஒரு பால்தேத்தண்ணி 100 ரூபாய். அப்போது நாங்கள் நாலு பேரும் நாலு ஊரில் இருந்தோம், ஆனால் நாலு வீட்டிலும் நடந்தது ஒண்டுதான். பிள்ளைகளுக்குப் பால்தேத்தண்ணி, அம்மாவுக்குப் பிளேன்ரீ. கேட்டால், "எனக்கு இதுதான் விருப்பம்" என்று நாலு அம்மாக்களும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.

இரண்டாம் வருசத்தில்தான் முல்லைத்தீவுக்காரியைக் கவனித்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் வயிறு ஊதி, லெக்சர் நடுவில் எழும்பிப் போவாள். நாங்கள் சிரித்தோம். "எக்ஸாம் வர முந்தியே உனக்கு எக்ஸாம் பயமோடி?" என்று கேட்டோம். பிறகு அவள் காலையில் ஒண்டுமே சாப்பிடாமல் வரத் தொடங்கினாள். "பசிக்கேல்ல" என்பாள். தேத்தண்ணியை வேண்டாம் என்று சொன்னால், தன் பங்குக் காசைப் போடப் பஞ்சிப்படுகிறாள் என்று நாங்கள் நினைப்போமோ என்று பயந்திருக்கிறாள். இது பிறகுதான் தெரியும். எங்களுக்கு இன்றைக்கும் வெட்கமான விசயம் அதுதான்.

ஒருநாள் இழுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினோம். அவர் எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "ரெண்டு கிழமைக்குப் பாலை நிப்பாட்டிப் பாரும்" என்றார். பாலில் லக்ரோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கிற நொதியம் குழந்தையில் நிறையச் சுரக்கும், வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை குடலில் கிடந்து நொதிக்கும்போது வாயு, ஊதல், வயிற்றோட்டம். இது நோய்கூட இல்லை. உலகத்தில் வளர்ந்த ஆக்களில் பெரும்பாலானோருக்கு இப்படித்தானாம். ரெண்டு கிழமையில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

வீட்டில்தான் சரிவரவில்லை. பால் நிப்பாட்டின கதையை ஃபோனில் சொன்னாள். அப்ப காலமை என்ன குடிக்கிறாய் என்று அம்மா கேட்டார். "குரக்கன் கஞ்சி காய்ச்சலாம் எண்டு இருக்கிறம்" என்றாள். மறுபக்கம் கொஞ்சநேரம் சத்தம் இல்லை.

"கஞ்சி குடிச்சது காணும் பிள்ளை. கஞ்சி குடிக்கவே உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2009இல் அவளுக்கு ஆறு வயது. அரிசி, உப்பு, தண்ணி. அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அம்மா அவர். ஒவ்வொரு மே மாதமும் கம்பஸ் வாசலில் நாங்கள்தான் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறோம். அதை நினைவு என்கிறோம். ஆனால் அதைக் குடித்தே உயிர் தப்பின ஒரு தாய்க்கு, மகள் காலையில் பால்தேத்தண்ணி குடிப்பது என்றால் என்ன என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அந்தப் பக்கற் அவருக்கு 'நாங்கள் அந்த இடத்தை விட்டு வந்துட்டம்' என்பதற்கான அத்தாட்சி. அதைப் போய்ச் 'சத்தான மாற்று' என்று விளங்கப்படுத்த ஏலாது.

ஆனாலும் சாப்பிட ஏதாவது வேணுமே. நாலு பேரும் சேர்ந்து ஒவ்வொண்டாகப் பார்த்தோம்.

முதலில் தேங்காய்ப்பால் தேத்தண்ணி. தோல்வி. கொதிக்கிற சாயத்தில் விட்டதும் திரைந்து, மேலே எண்ணெய் மிதந்தது. ஹட்டன்காரி ஒரு மிடறு குடித்துவிட்டு, "தேயிலைக்கு இப்படி ஒரு பாவம் செய்யக் கூடாது டீ" என்றாள். அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவள் சொன்னால் மறுபேச்சில்லை. தேங்காய்ப்பாலில் ருசி இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. பசும்பாலில் உள்ள புரதமும் கல்சியமும் அந்தளவுக்கு இல்லை. 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாய்க்குப் போன பிறகு அதுவும் கட்டாது. அதனால் இப்போது கஞ்சிக்கு இரண்டாம் பால் மட்டும்.

அடுத்தது சோயாப்பால். முதல்முறை பச்சை வாசம் தாங்கேலாமல் கொட்டினோம். பிழை எங்களுடையது, வடிவாகக் கொதிக்கவிடவில்லை. சோயாவை இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழித்து, ஒரு கோப்பைக்கு ஆறு கோப்பை தண்ணி விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, இருபது நிமிசம் கிண்டிக் கிண்டிக் கொதிக்க வைக்க வேணும். பொங்கி வழியும், பக்கத்தில் நிற்க வேணும். இஞ்சித் துண்டும் ஏலக்காயும் போட்டால் வாசம் போய்விடும். புரதத்தில் பசும்பாலுக்குக் கிட்ட வருவது இதுதான். கல்சியம் மட்டும் குறைவு. கிழமைக்கு ஒருக்கால், ஞாயிற்றுக்கிழமைச் சாமான் இது.

பெட்டியில் வாற ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் சுப்பர்மார்க்கட்டில் பார்த்தோம். விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தோம். வாங்கக்கூடிய ஆக்கள் சீனி சேர்த்ததா, கல்சியம் சேர்த்ததா என்று பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கோ.

பிறகு குரக்கன். இங்கேதான் ஒரு கணக்குப் பார்த்தோம். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு நாங்கள் போட்டது சுமார் 10 கிராம் பால்மா. அதில் புரதம் இரண்டரைக் கிராம் வரும், கல்சியம் 90 மில்லிகிராம் அளவு. மிச்சம் சீனியும் சாயமும். ஒரு கோப்பைக் கஞ்சிக்குப் போடுகிற 30 கிராம் குரக்கன் மாவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு புரதம், 100 மில்லிகிராம் அளவு கல்சியம். தானியத்தில் உள்ள கல்சியம் பாலில் போல முழுக்க உடம்பில் சேராது என்பது உண்மை. ஆனால் பால் என்று நாங்கள் விடப் பயந்தது ஒரு கரண்டி மாவைத்தான். அந்தக் கோப்பை எங்களைப் பதினொரு மணிவரைக்கும் கொண்டுபோனதும் இல்லை. கஞ்சி கொண்டுபோகிறது.

இப்போது எங்கட கிழமை இப்படி. மூன்று நாள் குரக்கன் கஞ்சி, பனங்கட்டி கடித்துக்கொண்டு. இரண்டு நாள் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும். ஒரு கோப்பை அவித்த பயற்றில் 14 கிராம் அளவு புரதம் இருக்கிறது, எந்தத் தேத்தண்ணியும் கிட்ட வராது. சனிக்கிழமை அம்மாச்சி உணவகத்துக்கு நடந்துபோய் இலைக்கஞ்சி. மரக்கறியில் கிடைக்காதது விற்றமின் பி12. அதற்கு முட்டை இருக்கிறது, மன்னார்க்காரி வீட்டிலிருந்து கொண்டுவாற நெத்தலிக் கருவாடு இருக்கிறது. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் வரும். மட்டக்களப்பு அக்கா சட்டித் தயிர் கொண்டுவந்தால் முல்லைத்தீவுக்காரியும் இரண்டு கரண்டி சாப்பிடுவாள். உறையும்போது லக்ரோஸில் ஒரு பங்கு போய்விடுவதால் அவளுடைய வயிறு அதைத் தாங்குகிறது. எல்லாருக்கும் தாங்கும் என்றில்லை. தேத்தண்ணி பிளேன்ரீதான், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. உடனே குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது.

அம்மாவுக்கு இதையெல்லாம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். ஒருநாள் கஞ்சிக் கோப்பையை வீடியோ கோலில் காட்டினாள். தடிப்பாக, கருஞ்சிவப்பாக, மேலே தேங்காய்ப்பால் விட்டு, பக்கத்தில் பனங்கட்டி. "இது அந்தக் கஞ்சி இல்லையம்மா" என்றாள். அம்மா கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டி பட்டிருக்கு. மாவை முதல்ல பச்சைத் தண்ணியில கரை. பிறகு கொதிதண்ணியில விடு."

அடுத்த கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே வறுத்து அரைத்த குரக்கன் மா இரண்டு கிலோ. அதுக்குக் கீழே 400 கிராம் பால்மாப் பக்கற் ஒண்டு. ஃபோன் எடுத்துக் கேட்டோம்.

"அது மற்றப் பிள்ளையளுக்கு" என்றார்.

அந்தப் பக்கற்றை இன்னும் உடைக்கவில்லை. தட்டில் இருக்கிறது.