தோற்ற பிறகு யார் பேசுவது?

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் மொத்தம் 32 அணிகள். அவற்றில் 14 அணிகள்தான் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழையும். அங்கே ஒரு முறை தோற்றால் அன்றோடு சரி, மறு வாய்ப்பு கிடையாது. கோப்பை ஒன்றே ஒன்று. அதனால் 13 அணிகளுக்கு அந்த வருடம் தோல்வியில்தான் முடியும்.

தோற்றவர்கள் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் டிரெஸ்ஸிங் ரூம் கதவைப் பத்திரிகையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது லீகின் விதி. கோச் வந்து பதில் சொல்ல வேண்டும். வியர்வைகூட உலராத வீரரைக் கேமராக்களும் மைக்குகளும் சூழ்ந்துகொள்ளும்.

இதில் அதிகம் அகப்படுபவர் கிக்கர். மற்றவர்கள் 60 நிமிட ஆட்டத்தில் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். இவர் சில நொடிகள் மட்டும் களத்துக்கு வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டுப் போவார். உள்ளே போனால் 3 புள்ளிகள். கடைசி நிமிடத்தில் வெளியே போனாலோ, மொத்தத் தோல்வியும் அவர் தலையில்தான்.

1991 ஜனவரி 27. சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. பஃபலோ பில்ஸ் அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மீதி 8 நொடிகள். ஸ்காட் நார்வுட் 47 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப் போனது. நியூயார்க் ஜெயண்ட்ஸ் 20-19 என்று ஜெயித்தது. அன்று 40 நிமிடத்துக்கும் மேல் பந்து ஜெயண்ட்ஸ் வசமே இருந்தது. அதைத் தடுக்க முடியாமல் போனது பில்ஸ் அணி முழுவதும்தான். ஆனால், மறுநாள் பேச்செல்லாம் அந்த ஓர் உதையைப் பற்றித்தான்.

நார்வுட் ஓடி ஒளியவில்லை. அலை அலையாக வந்த நிருபர்களுக்கு நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அடுத்த நாள் பஃபலோ நகர மையத்தில் கூடிய பெரும் கூட்டம், ‘எங்களுக்கு ஸ்காட் வேண்டும்’ என்று கோஷமிட்டது. மைக் முன்னால் வந்த அவர் கண்கலங்கினார். இவ்வளவு அன்பை இதற்குமுன் உணர்ந்ததில்லை என்றார். ஒரு வருடம் கழித்து, டென்வருக்கு எதிரான ஆட்டத்தில் அணி 10-7 என்று ஜெயித்து மீண்டும் இறுதிக்குப் போனபோது, அந்த 3 புள்ளி வித்தியாசம் நார்வுட்டின் காலிலிருந்து வந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2016 ஜனவரியில், மைனஸ் 21 டிகிரி குளிரில், மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக பிளேர் வால்ஷ் உதைத்தது வெறும் 27 கஜம். பந்து இடப்பக்கம் போனது. சியாட்டில் 10-9 என்று ஜெயித்தது. மினசோட்டாவின் 9 புள்ளிகளையும் எடுத்துத் தந்தவரே வால்ஷ்தான். நட்சத்திர ஆட்டக்காரர் ஏட்ரியன் பீட்டர்சன் கையிலிருந்து பந்து நழுவியதும், அதிலிருந்து சியாட்டில் 3 புள்ளிகள் எடுத்து முன்னிலை பெற்றதும் பின்னுக்குப் போய்விட்டன.

வால்ஷ் டிரெஸ்ஸிங் ரூமில் கண்ணீரோடு நின்று, தவறு தன்னுடையதே என்றார். கோச் மைக் ஸிம்மரோ, அது சுலபமான உதை, அவர் போட்டிருக்க வேண்டும் என்றார். சொன்னது பொய்யில்லை. ஆனால், தானே தலைகுனிந்து நிற்பவரிடம் அதை ஊரறியச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சில நாட்களில் மினசோட்டாவின் பிளெய்ன் ஊர்ப் பள்ளியிலிருந்து முதல் வகுப்புக் குழந்தைகள் வால்ஷுக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதினார்கள். வால்ஷ் நேரிலேயே போய் அந்தக் குழந்தைகளுக்கு நன்றி சொன்னார். தடுமாற்றம் மட்டும் தீரவில்லை. அதே வருடம் நவம்பரில் அணி அவரை விடுவித்தது. ஆறுதல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதும் உண்மைதான்.

2024 ஜனவரி. மறுபடியும் பஃபலோ. கன்சாஸ் சிட்டியிடம் 27-24 என்று பின்தங்கியிருந்தபோது, ஆட்டத்தைச் சமன் செய்யும் 44 கஜ உதையை டைலர் பாஸ் தவறவிட்டார். அதே வலப்பக்கம்! பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்றார் பாஸ். அணியின் முன்னணி வீரர் ஜோஷ் ஆலனோ, ஜெயித்தாலும் தோற்றாலும் அணியாகத்தான், ஓர் உதை ஆட்டத்தைத் தீர்மானிக்காது என்றார். இணையத்தில் வசவுகள் குவிந்து, பாஸ் தன் கணக்குகளையே மூடும்படி ஆனது. இன்னொரு பக்கம், அவர் ஆதரித்துவந்த பூனைகள் காப்பகத்துக்கு ரசிகர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அவருடைய ஜெர்சி எண் 2 என்பதால் ஆளுக்கு 22 டாலர். சில நாட்களில் 1 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே நவம்பரில், மயாமிக்கு எதிராக 61 கஜ தூரத்திலிருந்து உதைத்து அணியை ஜெயிக்க வைத்தார் பாஸ்.

கேள்வி கேட்பது நிருபரின் வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘தவறு என்னுடையது’ என்று சொல்ல வேண்டியது உதைத்தவர். ‘உன்னுடையது மட்டுமில்லை’ என்று சொல்ல வேண்டியது சுற்றி இருப்பவர்கள். பிளெய்ன் ஊரின் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அதை யாரும் மைக் வைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை.