உள் ரயர்

ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியால் போகிறவர்கள், கரையில் கிழிந்து சுருண்டு கிடக்கும் லொறி ரயர்த் தோல்களைக் கண்டிருப்பீர்கள். "வெயிலுக்கு வெடிச்சுப் போட்டுது" என்று சொல்லிக் கடந்துவிடுவோம். வெயிலின் மேல் பழியைப் போடுவது சுகம். அது திருப்பிக் கதைக்காது.

லொறியோடு கிழவனானவன் நான். என் கணக்கில் வெயில் கடைசிக் குற்றவாளி. பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்றுதான் அநேகம் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். அந்தச் சூட்டில் ரப்பர், உள்ளேயிருக்கும் கம்பியை விட்டுக் கழரத் தொடங்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. சாவகச்சேரியில் தொடங்கின கேடு மாங்குளத்தில் வெடிக்கும்.

பாரம் கூடினாலும் இதே கதைதான். "95இல சயிக்கிளில வீட்டையே கட்டிக்கொண்டு போனனாங்கள், இதென்ன பாரம்?" என்று என் வயதுக்காரர் சிலர் பெடியளை உசுப்பிவிடுவார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நின்றவன்தான். அன்று சயிக்கிளை ஒருவரும் ஓடவில்லை, உருட்டினோம். நடை வேகத்தில் ரயர் சூடாகாது. மணிக்கு எழுபது கிலோமீற்றரில் தம்புள்ளைக்கு வெங்காயம் கொண்டுபோகிற லொறிக்கு அந்தச் சலுகை கிடையாது.

வான் ரயர்கள் பலவற்றின் பக்கத்தில் 106/104 என்று எழுதியிருக்கும். தனியாகப் பூட்டினால் ஒரு ரயர் 950 கிலோ தாங்கும், சோடியாகப் பூட்டினால் 900 கிலோதான் என்பது அதன் பொருள். அதுவும் சொன்ன அளவு காற்று இருந்தால். சோடிக்கு ஏன் குறைத்தார்கள்? பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இரண்டும் ஒருபோதும் சரிபாதி சுமப்பதில்லை.

லொறியின் பின்சில்லில் உள் ரயருக்குக் காற்றுப் போனால் சாரதிக்கும் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கும் தெரியாது. வெளி ரயர் நிமிர்ந்து நிற்கும். இரண்டின் பாரத்தையும் அதுவே இழுக்கும். எங்கள் குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். தங்கைமாரின் சீதனம், தகப்பனின் வைத்தியச் செலவு, தம்பியை வெளிநாடு அனுப்பிய கடன் எல்லாம் அவர் தலையில். ஒருநாள் அவர் விழுந்தால், "நல்லாத்தானே இருந்தவர்" என்போம். பக்கத்தில் இருந்தவருக்கு எப்போது காற்றுப் போனது என்று ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டோம்.

பெரிய கம்பனிக்காரரும் இந்தக் காற்றுக் கணக்கில் தப்பவில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி எடுத்தது. அந்த ரயர்கள் கழன்று, பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகள் பிரண்டு, மொத்தம் 270 பேருக்கு மேல் செத்ததாகக் கணக்கு. ஃபோர்ட் சொன்ன 26 இறாத்தல் காற்றுப் போதாது என்றது ரயர்க் கம்பனி. ரயரே பிழை என்றது ஃபோர்ட். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் அங்கே புதுக் கார்களில் காற்றுக் குறைந்தால் எரியும் விளக்கு கட்டாயமானது. எங்கள் பழைய லொறிகளில் அந்த விளக்கு ஏது?

ஆகவே தம்பிமாரே, ஒரு கேஜ் வாங்கி வைத்திருங்கள். சில்லுச் சாவியால் தட்டிப் பார்த்தால் முழுதும் காற்றுப் போன ரயர்தான் 'தொப்' என்று காட்டிக்கொடுக்கும். இருபது இறாத்தல் குறைந்தது சத்தத்தில் பிடிபடாது. பழைய ரயர் வாங்கினால் பூவை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 3515 என்றால் 2015இன் 35ஆம் கிழமையில் செய்தது. விடிய, வண்டி ஓடமுதல், உள் ரயர் உட்பட எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். ஓடிச் சூடேறின ரயரில் காற்றுக் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துத் திறந்துவிடாதீர்கள்.