கடன் போக மிச்சமே பங்கு

நமது இல்லத்து அடுக்களையில் ஓர் உரலும் உலக்கையும் இருந்தன. நெல் குற்றுவதற்கென வாங்கப்பட்ட அவை, நாம் நினைவறிந்த நாள்முதல் மாசி இடிப்பதற்கே பெரிதும் பயன்பட்டன. விறகுத் துண்டுபோல் கறுத்து இறுகிக் கிடக்கும் மாசியை உம்மா அவர்கள் முதலில் கல்லில் வைத்துத் தட்டி உடைப்பார்கள். பின்னர் உரலிலிட்டு இடிப்பார்கள். அந்த ஓசை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் நம் காதில் விழுந்துவிட்டால் போதும், அன்று மாசிச் சம்பல் உண்டு என்று பொருள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த மாசி எந்தக் கடலில் நீந்திய மீன், அதனைப் பிடித்தவர் யார், இன்னும் எத்தனை காலத்துக்கு அது கிடைக்கும் என்று அந்நாளில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பிள்ளைப் பருவத்தில் மட்டுமா? நரை கண்ட பிறகும் நெடுநாள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாசி என்பது மாலத்தீவின் சூரை மீன். பலவகைச் சூரைகளுள் வயிற்றில் கருங்கோடுகள் ஓடும் வரிச்சூரைதான் இதற்கு உகந்தது. அதனை நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, புகையிலிட்டு, வெயிலில் காயவைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. 1343-ஆம் ஆண்டு மாலத்தீவை அடைந்து அங்கே காழியாகவும் பணியாற்றிய உலகப் பயணி இப்னு பதூதா, இம்மீனைப் பற்றியும் இதனைப் பக்குவம் செய்யும் முறை பற்றியும் தமது பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாயிற்று என்றும் குறிப்பிடுகிறார். ஆக, நம் வீட்டு உரலில் விழுந்த மாசிக்குப் பின்னால் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு வாணிபம் இருக்கிறது!

அம்மீனைப் பிடிக்கும் முறையும் பழமையானதே. மாலத்தீவார் வரிச்சூரைக்கு வலை வீசுவதில்லை. உயிரோடு கொண்டுவந்த சிறு மீன்களைக் கடலில் இறைத்துச் சூரைக் கூட்டத்தைத் தோணியருகே வரவழைப்பர். பின்புறத்தில் வரிசையாக நின்று, தூண்டிற்கழியால் ஒவ்வொரு மீனாகத் தூக்கித் தோணிக்குள் எறிவர். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி இராது. ஆகவே மீன் தானே கழன்று விழும். ஒரு மனிதன், ஒரு தூண்டில், ஒரு மீன் என்பதே அங்கே கணக்கு.

நமது பாட்டனார் கொழும்புப் புறக்கோட்டையில் மாசிக் கடை வைத்திருந்தார்கள். 1969-இல் அவர்கள் மறைந்தபோது நமக்கு வயது பதினொன்று. கடையைப் பங்கிட வேண்டியதாயிற்று. மர்ஹூம் வாப்பா அவர்கள் ஊரிலிருந்து வரவு செலவைப் பார்த்து வந்தார்கள். சாச்சா கொழும்பிலேயே தங்கிக் கடையை நடத்தினார்கள். நம் வீட்டுத் திண்ணையில் உறவினர் கூடியிருந்த அந்த மாலைப்பொழுது இன்றும் கண்முன் நிற்கிறது.

சாச்சா சொன்னார்கள்: “பத்து வருஷமாகக் கடையிலிருந்து நான் இவ்வளவு எடுத்து வந்திருக்கிறேன். என் குடும்பம் அதிலேதான் நடக்கிறது. அந்தக் கணக்கை வைத்தே எனக்குப் பங்கு வரவேண்டும்.”

வாப்பா சொன்னார்கள்: “நான் எடுக்காமல் விட்டது என் குற்றமா, தம்பி? கம்மியாக எடுத்தவனுக்குப் பங்கும் கம்மி என்பது எந்த ஊர் நியாயம்?”

இருவர் பேச்சும் தடித்தது. அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர், அதுவரை வாய்திறவாதிருந்தவர், கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “மாலைக்காரருக்குக் கடையில் எவ்வளவு பாக்கி?” என்று கேட்டார். எவரும் பதிலிறுக்கவில்லை. மாலத்தீவிலிருந்து தோணியில் மாசி கொண்டுவருவோர் அதைக் கடனாக இறக்கிவிட்டு, அடுத்த பருவத்தில் பணம் பெற்றுச் செல்வது அந்நாளைய வழக்கம். அந்தப் பாக்கி இரண்டு பருவமாகத் தீர்க்கப்படாமல் நின்றது. “கடன் போக மிச்சந்தான் பங்கு. கடனைப் பங்கு வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?” என்றார் பெரியவர்.

கடன் தீர்க்கப்பட்டது. மிஞ்சியது சொற்பம். வாப்பா பங்குக்கு வந்ததைக் கொண்டு கொழும்பில் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஊரில் ஒரு சிறு பலசரக்குக் கடை தொடங்கினார்கள். அதற்கு முதல் போதாமல் உம்மாவின் இரு வளையல்கள் விலையாயின. அந்தப் பெரியவர்மீது நமக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. அவர் வாய்திறவாதிருந்தால் உம்மாவின் கைகள் வெறுமையாகியிரா என்று எண்ணினோம்.

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1971-72-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைச் சுருக்கிற்று. மாலத்தீவார் தம் மீனை ஜப்பானியக் குழுமங்களின் கப்பல்களுக்குப் பச்சையாகவே விற்கத் தலைப்பட்டனர். புறக்கோட்டையில் பல மாசிக் கடைகள் மங்கின. சாச்சாவின் கடையும் தப்பவில்லை. கடன் நிலுவையோடு அந்த நெருக்கடியைச் சந்தித்திருந்தால் குடும்பத்தின் பெயரும் சேர்ந்து மூழ்கியிருக்கும். பெரியவரின் சொல்லுக்கு விலை அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் அவிழ்க்கிறோம்? இந்தியப் பெருங்கடலின் சூரை மீனைப் பங்கிடும் பேச்சு பல்லாண்டாக நடந்து வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுத் திண்ணையே நினைவுக்கு வருகிறது.

சூரை ஓரிடத்தில் தங்கும் மீனன்று. இன்று மாலத்தீவின் கடலில் இருப்பது சில வாரங்களில் வேறொரு நாட்டின் எல்லைக்குள் நுழையும், நடுக்கடலுக்கும் போகும். 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்குப் பொருளாதார உரிமை வழங்கிற்று. மீனுக்கு அந்தக் கோடு தெரியாதே! ஆகவே நாடுகள் கூடி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ், இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தை அமைத்தன. 1996-இல் நடைமுறைக்கு வந்த அதன் தலைமையகம் செஷல்ஸ் தீவில் உள்ளது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, ஈரான், பாகிஸ்தான், ஓமன், இந்தோனேசியா ஆகிய கரை நாடுகளும் ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற தூரத்துக் கப்பற்காரர்களும் அதில் உறுப்பினர்.

2015-இல் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவியலார் முடிவு சொன்னார்கள். மறு ஆண்டு ஆணையம் தீர்மானம் இயற்றிற்று: பெருமளவு பிடித்த நாடுகளின் சுருக்குமடிக் கப்பல்கள் 2014-ஆம் ஆண்டின் பிடிப்பிலிருந்து 15 விழுக்காடும், தூண்டில் வரிசைக் கப்பல்களும் செவுள்வலைகளும் 10 விழுக்காடும் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறையப் பிடித்தவருக்குக் குறைத்தபின்னும் நிறையவே மிஞ்சும். “பத்து வருஷமாக இவ்வளவு எடுத்து வந்திருக்கிறேன்” என்ற சாச்சாவின் குரல் இதில் நமக்குக் கேட்கிறது. கட்டுக்குள் வராதவர்கள் கூட்டிப் பிடிக்க, அடுத்த சில ஆண்டுகளில் மொத்தப் பிடிப்பு குறைவதற்கு மாறாக ஏறவே செய்தது.

வரிச்சூரையின் கதை இன்னும் வேடிக்கையானது. 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 டன் என்று உச்சவரம்பு குறித்தார்கள். ஆனால் அதில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று குறிக்கவில்லை. பங்கில்லாத வரம்புக்குப் பொறுப்பாளி யார்? முதல் ஆண்டிலேயே வரம்பு பெரிதும் மீறப்பட்டது. எவரையும் குற்றம் சாட்டவும் வழியில்லை.

பங்கிடும் முறையைப் பற்றிய பேச்சு 2011 முதல் தனியாக நடக்கிறது. கரை நாடுகள் கேட்பது இதுதான்: எங்கள் எல்லைக்குள் அந்நியக் கப்பல் பிடித்த மீனை எங்கள் கணக்கில் எழுதுவதா, அவர்கள் கணக்கில் எழுதுவதா? 1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயின், பிரான்சு நாடுகளின் சுருக்குமடிக் கப்பல்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. மாலத்தீவாரோ பல நூற்றாண்டுகளாக ஒவ்வொன்றாய்த் தூண்டிலிட்டு வருகிறார்கள். கம்மியாக எடுத்தவனுக்குப் பங்கும் கம்மியா என்ற வாப்பாவின் கேள்விக்கு இங்கேயும் விடை கூறியாக வேண்டும்.

பிடிக்கும் கருவியிலும் நியாய அநியாயம் உண்டு. சுருக்குமடிக் கப்பல்கள் நடுக்கடலில் மிதவைகளை விட்டு, அவற்றின் நிழலில் கூடும் மீனை வளைக்கின்றன. வரிச்சூரையோடு மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும் பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் அங்கே ஒதுங்கும். யாவும் ஒரே மடியில் அகப்படும். வரிச்சூரை விரைவில் முட்டையிடும் பருவம் எய்துவது. மஞ்சள் துடுப்புச் சூரையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளர வேண்டும். 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய ஆணையம், ஆண்டில் 72 நாள் மிதவைகளைத் தவிர்க்க வேண்டும் என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல உறுப்பினர்களும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தனர். ஆட்சேபிப்பவரை முடிவு கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஆட்சேபித்தால் எவரையுமே கட்டுப்படுத்தாது. அந்த 72 நாள் அப்படித்தான் கரைந்துபோயிற்று. 2024-இல், ஒரு கப்பலுக்கு 300 என்றிருந்த மிதவைகளைப் படிப்படியாகக் குறைக்க மட்டும் இணங்கினார்கள்.

குற்றம் முழுவதும் தூரத்துக் கப்பல்களுடையதே என்று எழுதிவிட்டால் நமக்கு இனிக்கும், உண்மை அதுவன்று. இக்கடலின் சூரையில் பெரும்பகுதியைக் கரை நாடுகளே பிடிக்கின்றன. ஈரானும் பாகிஸ்தானும் நெடுஞ்செவுள்வலைகளைப் பரப்பின; அவற்றில் சூரையோடு ஓங்கில்களும் சிக்கி மாண்டன. இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதப்பு வலைகள் 2022 முதல் ஆணையத்தின் எல்லை முழுவதும் தடை செய்யப்பட்டன. அவ்வலையை நம்பியிருந்த ஏழை மீனவனின் வயிற்றை நாம் மறக்கவில்லை. ஆயினும் நம்மவர் கை என்பதால் அது எடுத்த மீன் கடலுக்குக் குறையாமல் போய்விடுமா?

“வரம்பு என்பதே அறிவியலாரின் ஊகந்தானே” என்பாரும் உளர். ஓரளவு மெய்யே. மஞ்சள் துடுப்புச் சூரை தாங்கக்கூடிய பிடிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,49,000 டன் என்று 2021-இல் கணித்தவர்கள், 2024-இல் ஏறத்தாழ 4,21,000 டன் என்று கணித்தார்கள். மீனினம் தேறிவிட்டது என்றும் உரைத்தார்கள். கணக்கு மாறும் என்பதனால் கணக்கே வேண்டாம் என்பது சரியாகுமா? மாசி மூட்டை கடையில் கிடக்கக் கிடக்க உலர்ந்து எடை குறையும். எவ்வளவு குறையும் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அந்தக் குறைவுக்கென ஒரு தொகையை ஒதுக்காமல் நம் பாட்டனார் ஒருநாளும் விலை கூறியதில்லை. தெரியாத இடத்தில் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்கினார்கள்.

நமது கரையிலும் ஒரு வரம்பு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. 2017-க்கு முன்னர் அது 45 நாளாக இருந்தது. இது நாளை அளக்கும் வரம்பு, மீனை அளப்பதன்று. தடை முடிந்த மறுநாள் எல்லாப் படகும் ஒருசேரக் கிளம்பினால், அறுபது நாளில் கடல் சேர்த்ததை எத்தனை நாளில் வாரிவிடுவார்கள் என்பதை அந்த வரம்பு கேட்பதில்லை.

நாடுகள் யாவும் பங்கைப் பற்றியே பேசுகின்றன. பேசட்டும், நியாயமான பங்கு கேட்பது உரிமையே. ஏழை நாட்டுக்கும் ஒற்றைத் தூண்டிற்காரனுக்கும் அதிகம் கிடைக்க வேண்டுமென்பதே நமது விருப்பமும். ஆனால் அதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய கடன் ஒன்றிருக்கிறது. நாளைய மீனை ஈனப்போகும் இன்றைய மீன், கடலுக்கு நாம் தரவேண்டிய பாக்கி. அதை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதான் பங்கிடத் தக்கது. சாச்சாவும் வாப்பாவும் திண்ணையில் மறந்ததை நாடுகள் மன்றத்தில் மறக்கின்றன.

சென்ற மாதம் சந்தைக்குச் சென்றிருந்தோம். முழங்கை நீளங்கூட இல்லாத மஞ்சள் துடுப்புச் சூரைகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. விலை மலிவு. கை நீண்டது, பின் மடங்கிற்று. “ஏன் வாப்பா, மீன் நல்லாத்தானே இருக்கு?” என்றார் விற்பவர். அவரிடம் இந்தக் கதையெல்லாம் கூற நேரமில்லை. “பெரிதாக வரும்போது வாங்கிக்கொள்கிறோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கால் கிலோ மாசி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இப்போது அதை மின்யந்திரத்தில் அரைக்கிறார்கள். உரல் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. உம்மா வளையல் விற்ற ஆண்டில் நாம் அந்தப் பெரியவருக்குச் செய்த அநியாயத்தை, மாசி மணம் எழும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறோம்.