25 புளியங்கொட்டை

கல்லூரி மைதானத்தில் பெரியப்பா 10,000 மீட்டர் ஓட்டம் வைக்கிற நாளில் என் பாவாடை மடியில் 25 புளியங்கொட்டை இருக்கும். 400 மீட்டர் டிராக்கில் அந்தத் தூரத்துக்கு 25 சுற்று. முதலில் வருகிற அண்ணன் கோட்டைத் தாண்டத் தாண்ட, ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போட வேண்டும். 5,000 மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. அந்த அரைக்கென்று, தாயம் ஆட ஒரு பக்கம் உரசி வைத்த வெள்ளைக்கொட்டை ஒன்று தனியாக வைத்திருந்தேன். மடியில் ஒன்றே ஒன்று மிஞ்சும்போது நான் கையைத் தூக்குவேன். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை பெரியப்பா கம்பியால் அடிப்பார். கடைசிச் சுற்று!

ஒரு தடவை ஒரு அண்ணன், "முடிஞ்சிட்டு சார், பாப்பா தப்பா எண்ணிட்டா" என்று நின்றுவிட்டார். பெரியப்பா டப்பாவை வாங்கி அவர் முன்னாலேயே தரையில் கொட்டி எண்ணினார். 24. "ஓடுலே" என்றார். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி பிறகு எந்தப் பரிசுக்கும் நிமிர்ந்ததில்லை.

பாளையங்கோட்டைத் தெருவில் அவர் எல்லோருக்கும் மிலிட்டரி அண்ணாச்சி. மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து வெலிங்டன் மலையில் பயிற்சி எடுத்தபோதுதான் அவருக்கு ஓட வரும் என்பதே மற்றவர்களுக்குத் தெரிந்ததாம். அங்கிருந்து படைப்பிரிவுப் போட்டிகள், பிறகு மாரத்தான். பென்ஷனோடு வெளியே வந்து, பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் கோச் படிப்பு முடித்து, ஊர்க் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். தான் எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்வதெல்லாம் சிவ்நாத் சிங் ஓடிய நேரம்தான். 1978, ஜலந்தர், 2 மணி 12 நிமிடம். நாற்பது ஆண்டுக்கு மேல் இந்தியாவில் ஒருவரும் தொட முடியாத நேரம் அது. "வெறுங்கால்ல ஓடுவாம்ட்டி. நான் பாத்ததெல்லாம் அவன் முதுகத்தான். கொஞ்ச நேரத்துல அதுவும் தெரியாது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை 'மெதுவா'. வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்த பையன்களுக்கு அது எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே திருச்செந்தூர் ரோட்டில் அவர்களை விட்டுப் பின்னாலேயே சைக்கிளில் போவார். முன்கம்பியில் துண்டைச் சுற்றி அதில் நான். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் கனக்கும். ரோட்டோரம் மருத மரங்கள், செய்துங்கநல்லூர்ப் பக்கம் வந்தால் வாழைத்தோட்டத்துக் குளிர். எவனாவது அடுத்தவனை முந்தப் பார்த்தால் மணி அடித்து, "பேசிக்கிட்டே ஓட முடியுதாலே? முடியலைன்னா வேகம் சாஸ்தி" என்பார். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து முப்பது கிலோமீட்டர் தாண்டினால் தீர ஆரம்பிக்கும். முதல் பத்தில் அவசரப்பட்டவன் அதைச் சீக்கிரமே தீர்த்துவிட்டு நிற்பான். இதை அவர் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கேயோ வடக்கே ஒரு ரோட்டில், தொடை இரண்டும் மரத்துப்போய்ப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பட்டாளத்தில் கற்றதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். ஓடும்போது குடித்தால் விலா பிடிக்கும் என்று அங்கே சொல்வார்களாம். இவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் தூக்குவாளி. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உப்பும் கருப்பட்டியும் கரைத்தது. கொடுப்பதற்கு முன் பையனின் பிடரியைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் "போ". காய்ந்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான், பையன் சைக்கிளில் ஏறிக்கொள்ள, நான் இறங்கி நடக்க வேண்டும். அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம்.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். பி.டி. உஷா நூற்றில் ஒரு நொடியில் வெண்கலத்தை விட்டதற்குத் தெருவே துக்கம் கொண்டாடியது. பெரியப்பா மட்டும் வேறொரு படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தார். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் வைத்தது அந்த ஆண்டுதான் முதல்முறை. 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் ஜெயித்தவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். படத்தில் இருந்தது அவர் இல்லை. சுவிட்சர்லாந்துக்காக ஓடிய காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ், வெயிலில் உடம்பு ஒரு பக்கமாகக் கோணிப்போய்த் தள்ளாடி வருகிற படம். கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. யாராவது தொட்டால் தகுதி போய்விடும் என்பதால், டாக்டர்கள் கூடவே நடந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். "வேர்வை வந்துக்கிட்டு இருந்துச்சு, அதான் விட்டுட்டாங்க" என்று தனக்குத் தெரிந்தவர்கள் செய்த காரியம் போலச் சொன்னார்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பொம்பளைப் பிள்ளைகளும் நெடுந்தூரம் ஓடலாம் என்று பேச ஆரம்பித்தார். ஓரிடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஆகிரும்னுதான சார் வேண்டாங்கோம்" என்றார்களாம். நியாயமான கேள்விதான், வேறு படம் கொண்டுபோயிருக்கலாம். கடைசியில் ஒரு கல்லூரியில் சம்மதித்தார்கள்: ஒரு டீச்சர் குடையோடு மைதானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலைந்து அக்காமார் வந்தார்கள். சுடிதாரில், கான்வாஸ் ஷூவில், இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. அவர்களுக்கும் அதே 'மெதுவா'தான்.

அடுத்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 3,000 மீட்டர். ஏழரைச் சுற்று, என் வெள்ளைக்கொட்டைக்கும் வேலை. எங்கள் அக்கா ஒருத்தி ஆறு சுற்றுவரை ஐந்தாவதாகவே வந்தாள். மணி அடித்ததும் ஒவ்வொருத்தியாகத் தாண்டி முதலில் வந்து விழுந்தாள். குடை டீச்சர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பெரியப்பா வாட்சைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கடைசியில இவ்வளவு வேகம் இருந்தா, நடுவுல எங்க தாயி ஒளிச்சு வச்சிருந்தே?"

"நீங்கதான சார் மெதுவாப் போகச் சொன்னீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.