கடல் கடந்த மடல்: பல்லுக்குப் பக்கத்து ஊர்

ஹாங்காங்

அன்புள்ள தம்பிக்கு,

கள்ளிக்குப்பத்தில் பல் வலித்தால் அம்பத்தூர் ஓ.டி. வரை போனால் போதும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி எல்லை தாண்டிப் போகிறார்கள். லோ வூ நிலையத்தில் இறங்கி, அடையாள அட்டையைச் செருகி, பெருவிரலைப் பதித்து, ஷென்ஜென் ஆற்றின் மேல் பாலத்தைக் கடந்தால் எதிரிலேயே ஒரு வணிக வளாகம். மாடிக்கு மாடி பல் டாக்டர், தையல்காரர், மசாஜ். ஹாங்காங் செலவில் பாதிகூட ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், சீனாவோடு ஒப்பந்தம் போட்டது நேரெதிரான கணக்கில்: இங்குள்ளவர்கள் அங்கே போய் விற்பார்கள் என்று. 2003-இல் சார்ஸ் நோய் இங்கே 299 பேரைக் கொண்டுபோனது, கடைகள் ஈயோட்டின. அந்த ஜூன் 29 அன்று பெய்ஜிங்கும் ஹாங்காங்கும் 'செபா' என்ற பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அக்டோபரில் மக்காவும் போட்டது. ஹாங்காங் சரக்குக்குச் சுங்கவரி கிடையாது என்றார்கள். ஆனால் சரக்கு எங்கே? 1980-இல் ஷென்ஜென் சிறப்பு மண்டலமானதிலிருந்தே தொழிற்சாலைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்த ஊர் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி, காப்பீடு, கப்பல், வக்கீல், கணக்கர் வகையறாதான். ஆகவே உண்மையான பேரம் சேவைத் துறைகளில். முதல் சுற்றில் 18 துறைகள்.

சட்டைப் பெட்டிக்கு வரி கட்டினால் எல்லை திறந்துவிடும். வக்கீலுக்கு வரியே இல்லை. "உன் சன்னது இங்கே செல்லாது" என்ற ஒரே வார்த்தைதான். அந்தக் கதவைத்தான் பத்து துணை ஒப்பந்தங்கள் போட்டு அங்குலம் அங்குலமாகத் திறந்தார்கள். 2021-இல்தான் ஹாங்காங், மக்காவ் வக்கீல்களுக்குத் தனித் தேர்வு வைத்தார்கள். அதில் தேறினாலும் குவாங்டாங்கின் ஒன்பது நகரங்களில் மட்டும், அதுவும் சிவில், வணிக வழக்கு மட்டும். ஹாங்காங்கில் மூன்று வருடம் தொழில் நடத்திய கம்பெனிக்குத்தான் சலுகை என்ற நிபந்தனையைப் பெரும்பாலான துறைகளில் 2025 மார்ச்சில்தான் எடுத்தார்கள். சினிமாக்காரர்களுக்கு யோகம்: கூட்டுத் தயாரிப்பு என்றால் சீனாவில் அது உள்ளூர்ப் படம். டைரக்டர்கள் வடக்கே போனார்கள். பழைய கான்டனீஸ் படத்தின் காரம் போய்விட்டது என்று இங்குள்ள ரசிகர்கள் இன்னும் புலம்புகிறார்கள்.

கொரோனாவுக்குப் பின் 2023-இல் எல்லை திறந்ததும், சேவை விற்கப் போக வேண்டியவர்கள் வாங்கப் போனார்கள். சாப்பாடு, முடிவெட்டு, பல், எல்லாம் வடக்கே. இங்கே ஓட்டல்காரர்கள் முகத்தில் களை இல்லை. எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் உண்டு. ஆனாலும் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.

தைவான் கதை வேறு. 2010-இல் சீனாவோடு சரக்கை மையமாக வைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் கையெழுத்தான சேவை ஒப்பந்தமோ அடுத்த மார்ச்சில் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உட்கார்ந்ததோடு நின்றுபோனது. அச்சகம், அழகு நிலையம்வரை சீன முதலீடு நுழையும் என்ற பயம், அதற்குப் பின்னால் அரசியல் பயம். நமக்கு இது புதிதா? இலங்கையோடு சரக்கு ஒப்பந்தம் 2000 முதல் நடக்கிறது. சேவைப் பேச்சை எடுத்தாலே கொழும்பு டாக்டர்கள் சங்கம் கொடி பிடிக்கிறது.

1964-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் லேத் ஓடிய இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பி வழியாக வேலையை அனுப்புகிறாய், யாரும் தடுப்பதில்லை. ஆளையே அனுப்பும்போதுதான் சங்கதி. அடுத்த தடவை உங்கள் கம்பெனியிலிருந்து யாராவது வெளிநாடு போனால், விசாவுக்கு அலைந்தது அதிகமா, சான்றிதழுக்கு அலைந்தது அதிகமா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்