பெல்ட் அறுந்தது எதனால்?

டொராண்டோ பக்கம் டிசம்பர் வந்துவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது, விறைக்கும். அதனால் வீட்டுக்கு வீடு பேஸ்மென்ட்டில் வாஷிங் மெஷினை ஒட்டி ஒரு ட்ரையர் நிற்கும். அது மக்கர் பண்ணினால் முதலில் எழுகிற பேச்சு, "புதுசு வாங்கிடலாமா?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் எழுந்தது. மோட்டார் உறுமுகிறது, சூடும் வருகிறது, துணி மட்டும் ஈரத்தோடு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது.

கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பெல்ட் இருந்தால் மோட்டாரையும் சேர்த்து இழுக்கிற கனம் கையில் தெரியும். எங்களுடையது லேசாகத் தள்ளியதுமே தன் பாட்டுக்கு ஓடியது. சில மாடல்களில் பெல்ட் அறுந்ததும் ஒரு சுவிட்ச் மின்சாரத்தையே நிறுத்திவிடும். உறுமல்கூட இருக்காது, மோட்டாரே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேயும் கையால் சுற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"என்னங்க, பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?" என்று மாடிப்படியிலிருந்து மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இது 240 வோல்ட். கேஸ் ட்ரையர் என்றால் வால்வையும் மூட வேண்டும்.

எங்களுடையது பழைய ரகம். பஞ்சு வடிகட்டியைச் செருகும் இடத்தில் இரண்டு ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றி, பெயின்ட்காரர்கள் பட்டி பார்க்கிற தகட்டை முன் மூலைகளில் நுழைத்து நெம்பினால் மேல்மூடி எழும்பிக்கொள்ளும். முன்பலகையை எடுக்கும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். டிரம்மின் முன்பக்கம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தாங்கிப் பிடிக்காவிட்டால் தொங்கிப்போகும்.

உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை. அதற்குள் ஒரு சென்ட் காசுகள். கனடா 2013-இல் வெளியிடுவதை நிறுத்திவிட்ட காசு! அத்தனை காலமாக யாரும் இந்த மூடியைத் திறக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீடுகளில் ட்ரையரால் தீப்பிடிக்கிறது என்றும், சுத்தம் செய்யாமல் விடுவதே முதல் காரணம் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சொல்கிறது. ஹீட்டருக்குப் பக்கத்திலேயே அந்தப் பஞ்சைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வாக்குவம் கிளீனரை எடுத்துவரப் போனேன்.

அறுந்த பெல்ட் அடியில் சுருண்டு கிடந்தது. தையல் மெஷினின் தோல் வார் செய்கிற வேலைதான் இதுவும் செய்கிறது. நீளம் 92 அங்குலத்துக்குச் சற்று மேல், அகலம் கால் அங்குலம். இதை நம்பித்தான் ஒரு சுமை ஈரத்துணி சுழல்கிறது. ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் நீளவாட்டில் வரிப்பள்ளம். விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி தேயவில்லை. ஒரு விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. மற்றது புதுசு போல இருந்தது. வயதாகி அறுந்திருந்தால் இப்படி இருக்காது. எதுவோ அதை ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது.

பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் ஐட்லர் புல்லியைச் சுற்றினேன். கிறீச்சிட்டது, கூடவே ஆடியது. அச்சில் எண்ணெய்ப் பசையே இல்லை. டிரம்மைப் பின்னால் தாங்கும் ரோலர்களில் ஒன்று தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. மாதக்கணக்கில் கேட்ட டொக் டொக் சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது. ஜீன்ஸ் பட்டன் இடிக்கிறது என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்ட சத்தம். பெல்ட்டை மட்டும் மாற்றினால் இந்தப் புல்லியே அடுத்ததையும் தின்றுவிடும். ரோலர், புல்லி, பெல்ட் மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கும்போது தனி பெல்ட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புது பெல்ட்டை மாட்டும்போது வரிப்பள்ளம் டிரம்மைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய பெல்ட் ஓடிய தடம் டிரம்மின்மேல் பளபளவென்று தெரியும், அதிலேயே உட்கார்த்தலாம். அப்புறம் கையை அடியில் விட்டு, பெல்ட்டை மடித்து ஐட்லர் வழியாக இழுத்து மோட்டார் புல்லியில் கோக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். மூடுமுன் டிரம்மைக் கையால் சில சுற்று சுற்றினேன். பெல்ட் தடம் மாறவில்லை.

முதல் ஈடாக மனைவி கனத்த போர்வையையும் ஜீன்ஸ்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள். இவ்வளவு கனம் வேண்டாமே, ரோலர் தேய்ந்ததே அதனால்தான் என்றேன்.

"அதான் புது ரோலர் போட்டாச்சே" என்று சொல்லிக்கொண்டே போர்வையைத் திணித்தாள்.