ஓடாத கப்பலுக்கு என்ன மதிப்பு?

தரைதட்டினால் அது கப்பலுக்கு விபத்து. ஆனால் தரைதட்டுவதற்கென்றே கட்டிய கப்பல்களும் உண்டு!

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஆயிரத்துக்கும் மேல் கட்டிய எல்.எஸ்.டி. என்ற டாங்கி இறக்கும் கப்பல் அந்த வகை. அடிப்பாகம் தட்டை. நேராகக் கரையில் ஏறி நிற்கும், முன்கதவு திறக்கும், டாங்கிகள் இறங்கும். வரும்போதே பின்னால் கடலில் போட்டுவைத்த நங்கூரத்தின் வடத்தைச் சுருட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

அவற்றில் ஒன்று எல்.எஸ்.டி.-821. 1944-ல் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில்லில், ஒஹையோ நதிக்கரையில் கட்டப்பட்டது. 1970-ல் அமெரிக்கா இதைத் தெற்கு வியட்நாமுக்குக் கொடுத்தது. 1975-ல் சைகோன் வீழ்ந்தபோது பிலிப்பைன்ஸுக்குத் தப்பி வந்தது. 1976-ல் அந்த நாட்டுக் கடற்படையில் சேர்ந்தது. செகண்ட் ஹேண்ட் பைக் மாதிரி மூன்று கை மாறிவிட்டது! இப்போதைய பெயர் சியரா மாட்ரே.

1995-ல் மிஸ்சீஃப் பவளப்பாறையில் சீனா கட்டடங்கள் எழுப்பியது. அடுத்த பாறையும் போய்விடக் கூடாதே என்று 1999-ல் பிலிப்பைன்ஸ் இந்தக் கப்பலை அருகிலுள்ள செகண்ட் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. இந்த முறை திரும்பி வரவில்லை. உள்ளே சில வீரர்களைக் குடிவைத்தார்கள்.

கணக்கியல்படி பார்த்தால் தேய்மானம் எப்போதோ முடிந்த சொத்து இது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்பு. காயலான் கடை விலைதான் மிஞ்சும். ஆனால் பிலிப்பைன்ஸ் இதைக் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கவே இல்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது! பட்டியலில் இருக்கும்வரை இது போர்க்கப்பல். பசிபிக்கில் பிலிப்பைன்ஸின் படைகளோ அரசுக் கப்பல்களோ ஆயுதத்தால் தாக்கப்பட்டால், 1951 ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கும் பொறுப்பு உண்டு. கட்டிக்கொடுத்த நாடே காவலுக்கு வரவேண்டும்!

இந்த மதிப்புக்கு விலை கொடுப்பவர்கள் உள்ளே இருப்பவர்களும், அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகிறவர்களும்தான். 2024 ஜூன் 17 அன்று சீனக் கடலோரக் காவல்படை அந்தப் படகுகளை மறித்தது. அந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதமே பொருள் கொண்டுபோக இரு நாடுகளும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன.

கப்பலின் மதிப்பு ஏட்டில் பூஜ்யம் ஆகலாம். அந்த விரலை எந்தக் கணக்கில் எழுதுவது?